பேச்சுக் கம்பியைப் பம்பாய்க்காரர் வாங்கியது

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஒரு கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போன மதார் சாகிப், அவசரத்தில் ஒரு வயரை மாற்றிச் சொருகிவிட்டார். சமையல்கட்டில் பாட்டுப் பாட வேண்டிய ஸ்பீக்கர் வாயாக இருப்பதை விட்டுவிட்டுக் காதாக மாறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எத்தனை அப்பளம் போட்டாலும் காணாது என்று தலைமைச் சமையல்காரர் சொன்னது மணமேடையில் முழங்கிற்று. கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. மதார் சாகிப்புக்கு வாடகை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை கிடைத்தது.

ஸ்பீக்கரில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம் என்றால், ஊரையே ஒரு கம்பியில் கட்டினால் என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்தது அவருடைய மைக் செட் கடை. அங்கிருந்து முதல் கம்பி சிநேகிதர் ஜகந்நாதன் வீட்டுக்குப் போயிற்று. ஜகந்நாதன் குடும்பம் பரம்பரையாக ஆண்டாள் கோயிலுக்குத் துளசி கொடுத்துவருவது. அவருக்குத் தொழில் ரேடியோ ரிப்பேர். பழைய டிரான்சிஸ்டரிலிருந்து பிடுங்கிய ஸ்பீக்கரை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டால் கேட்கும், அமுக்கினால் பேசலாம். ஒருவர் பேசுவது டப்பா வைத்திருக்கிற எல்லாருக்கும் கேட்கும். அது குறை என்று ஜகந்நாதன் நினைத்தார். ஜனங்கள் அதற்காகவே வாங்கினார்கள்.

மறு வருஷம் கம்பி ராஜபாளையத்துக்குப் போய்விட்டது. பனைமரம் பனைமரமாகத் தாவி, தென்னந்தோப்புகளைச் சுற்றிக்கொண்டு, இரண்டு மில்களின் கூரை வழியாகப் போயிற்று. இன்சுலேஷன் டேப்புக்கு வழியில்லாததால் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணியைச் சுற்றியிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, வானத்துக்கு அடிபட்டு யாரோ கட்டுப்போட்டுவிட்டது போலத் தெரியும். கிழக்கே இன்னொரு கிளை சுந்தரபாண்டியத்து வயல்காடு வரைக்கும் ஓடியது. போன் இலாகாவிலிருந்து ஒருவர் வந்து கேட்டதற்கு மதார் சாகிப், "போனா? இது மைக் செட்டு சார். வயரு கொஞ்சம் நீளம், அம்புட்டுதான்" என்றார். வந்தவரும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.

கம்பிக்குப் பேச்சுக் கம்பி என்று பெயர் விழுந்தது. அதன் பெருமைகளைச் சொல்ல இடம் போதாது. ராஜபாளையத்தில் ஒருவர் தும்மினால், சுந்தரபாண்டியத்தில் கதிரறுத்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து "நூறு" என்பார்கள். ஒரு நல்ல நகைச்சுவை வந்து எல்லாரும் ஒரே மூச்சில் சிரித்தால், கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் வரிசையாகக் கீழே விழும். ஒரு சமயம் சம்பந்திகள் இருவர் போட்ட சண்டையில் கம்பி சூடேறி, அடியில் காயப்போட்டிருந்த ஈரவேட்டிகள் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. வண்ணார் மறுநாளும் அந்தச் சம்பந்திகளை விசாரித்துக்கொண்டு வந்தார்.

அதற்கென்று ஒரு மரியாதையும் இருந்தது. கம்பிக்கு வருகிறவர் லேசாகச் செருமுவார். அதுதான் வந்ததற்கு அடையாளம். டப்பாவை அணைக்கிறவர் "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். வெளியூர் மருமகன் ஒருவர் விவரம் தெரியாமல் ஒருநாள் "அப்ப நான் போறேன்" என்று சொல்லிவிட்டார். கம்பி முழுக்க "பெருமாளே!" என்றும் "யா அல்லா!" என்றும் சத்தம். அவரைத் திரும்ப வரவழைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, ஒழுங்காக "வாரேன்" சொல்லவைத்த பிறகே விட்டார்கள்.

ஆக, பேச்சுக் கம்பியில் இல்லாதது வருமானம் ஒன்றுதான். சந்தா வசூலிக்க ஜகந்நாதன் சைக்கிளில் போவார். போகிற வீடுகளில் காப்பி குடிப்பார், பேரப்பிள்ளையைக் கொஞ்சுவார், இன்னும் இரண்டு வீட்டுக்கு டப்பா தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பையில் நாலு வெள்ளரிப்பிஞ்சோடு திரும்பி வருவார்.

இத்தனை பேச்சையும் சுமந்தது கடையின் நடுவில் இருந்த ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர். வால்வு போட்ட பழைய காலத்துப் பெட்டி. எல்லாரும் அதைப் பெரியவர் என்பார்கள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பெரியவருக்கு மேல்மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அணைத்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டார் என்பதால் அணைப்பதே இல்லை. மதார் சாகிப்பின் மனைவி மெகராஜ் பேகம் ஒரு பனையோலை விசிறியோடு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"அவிய இன்னிக்கு ரொம்பச் சூடா இருக்காவ" என்பாள். பிறகு புருஷனைப் பார்த்து, "என்னங்க, இன்னும் ஒரு கல்யாண சீசன் தாங்குவாகளா?"

 தாங்க மாட்டார் என்பது மதார் சாகிப்புக்குத் தெரியும். பெரியவர் போனால் கம்பி போயிற்று. ராஜபாளையத்துத் தும்மலுக்கு நூறு சொல்ல ஆள் இருக்காது. புது ஆம்ப்ளிஃபயர், அதுவும் இத்தனை வாயைத் தாங்குகிற ஆம்ப்ளிஃபயர், அவர் கடையையே விற்றாலும் கிடைக்காது. அந்தக் கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கேல்கர் வந்து சேர்ந்தார்.

பம்பாயில் மகாதரங் கம்ப்யூட்டர்ஸ் என்று ஒரு பெரிய கம்பெனி. ராஜபாளையத்து மில் ஒன்றில் கம்ப்யூட்டர் வைப்பதற்காக அவரை அனுப்பியிருந்தார்கள். கழுத்தில் டை, கையில் ரயிலடியில் வாங்கிய தமிழ்க் கைப்புத்தகம். மில்லில் டீ நேரத்துக்குச் சங்கு ஊதியதும் தொழிலாளிகள் எல்லாரும் டீயை விட்டுவிட்டுச் சுவரில் தொங்கிய பிஸ்கட் டப்பாவை நோக்கி ஓடியதை அவர் பார்த்தார். கம்பெனிக்காரர்களுக்கு அப்போது அதுதான் வெறி. எங்கே கூட்டம் கூடுகிறதோ அதை வாங்கிவிட வேண்டும். அங்கே ஏதாவது விற்கிறதா என்று கேட்பது பழைய காலத்துப் பழக்கம் என்று முடிவாகியிருந்தது. கேல்கர் கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பனைமரம் பனைமரமாக நடந்து, சாயங்காலம் டையில் நெருஞ்சிமுள் ஒட்ட, மடவார் வளாகத்துக் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, வணக்கம். இந்தக் கம்பி தங்களுடையதா? நாங்கள் இதை வாங்க விரும்புகிறோம்."

ஜகந்நாதன் மதார் சாகிப்பின் விலாவில் இடித்தார். "ஓய் சாகிப்பு, லாபம்னு சொல்லும். நஷ்டம்னு வாயத் தொறந்தீரோ, ஆள் ஓடிடுவான்."

மதார் சாகிப் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல லாபம் வருது."

கேல்கர் முகம் விழுந்துவிட்டது. "லாபமா?" என்றார், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட தினுசில். "எங்கள் தலைமை இதை ஏற்காதே. லாபம் வந்தால் சிறு வியாபாரம். கூட்டமும் நஷ்டமும் இருந்தால்தான் பெரிய எதிர்காலம்."

உள்ளேயிருந்து மெகராஜ் பேகத்தின் குரல் வந்தது. "என்ன லாவம்? மைக் செட் வாடகை பூராவும் இந்தக் கம்பி தின்னுட்டுது. வீட்ல விசிறக் கை இல்ல எனக்கு!"

"நஷ்டமா, அம்மா?" கேல்கர் உள்ளே எட்டிப் பார்த்தார். முகத்தில் விளக்கு ஏறிவிட்டது. "மாதாமாதமா?"

"தினமும்!"

"சார், எனக்கும் நஷ்டம்" என்று ஜகந்நாதன் முன்னால் வந்தார். "ரேடியோ ரிப்பேருக்கு ஒருத்தன் வரதில்லை. எல்லாரும் டப்பா கேக்கறா. நான் இவரைக்காட்டிலும் பெரிய நஷ்டம்."

"ஏன், நான் என்ன நஷ்டத்துல கொறஞ்சவனா?" என்று மதார் சாகிப்புக்கும் ரோஷம் வந்துவிட்டது.

கேல்கர் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அப்படி ஒரு சந்தோஷத்தை ஜகந்நாதன் மருமகப்பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லை.

"எங்களுக்குத் தேவை ஒன்றே. தினமும் புதிதாக எத்தனை பேர் வருகிறார்கள் என்று நான் எண்ணிப் பம்பாய்க்குச் சொல்ல வேண்டும். கூட்டம் ஏறுமுகமாக இருந்தால் வாங்கிவிடுவோம். விலை என்ன?"

மதார் சாகிப் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. பெரியவரைக் காட்டினார். "இவியள மாதிரி ஒண்ணு. புதுசு. இதவிடப் பெருசு. வேற ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் காலை கேல்கர் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு சின்னக் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் டிக் என்று ஒன்று ஏறும். டப்பாவில் காது வைத்துக் கேட்டார். வருகிறவர்கள் செருமினார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை, இந்தப் பக்கம் பஞ்சு மில் அதிகம், இருமல் இருக்கும் என்று விட்டுவிட்டார். செத்த நேரம் கழித்து ஒரு பெண் குரல், "சரிக்கா, அடுப்புல உல இருக்கு, வாரேன்" என்றது. கேல்கர் கைப்புத்தகத்தைப் புரட்டினார். வருகிறேன். வருகை குறித்த சொல். டிக்.

மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர், "வாரேன்." டிக். மாடு அவிழ்த்துக்கொண்டது என்று சுந்தரபாண்டியத்திலிருந்து பொன்னுராஜ், "வாரேம்பா." டிக்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும் நேரம் கருவி ஓயவே இல்லை. கம்பியில் ஆளே இல்லாமல் காலியானபோது கேல்கர் உற்சாகத்தில் எழுந்து நின்றுவிட்டார். "இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் வருகிறார்கள்! நான் எங்கும் பார்த்ததில்லை!"

மதார் சாகிப் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.  வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆம்ப்ளிஃபயர் வரும். ஆனால் தப்பு அளவு சொல்லி விற்ற காசு வீடு தங்காது என்பது அவர் எண்ணம். மூன்றாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அய்யா, ஒரு வெசயம். நீங்க வெரலால அமுக்குதியள்ல, அது தப்பு."

"எது தப்பு?"

"எங்க ஊர்ல வாரேன்னா போறேன்னு அர்த்தம்."

கேல்கர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால், போறேன் என்றால் என்ன அர்த்தம்?"

"அத நாங்க சொல்றதே இல்ல."

"வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாவ. இருமுவாவ."

கேல்கர் கைப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மதார் சாகிப்பை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை ஏறிக்கொண்டே போயிற்று.

"ஐயா, நான் எவ்வளவோ பேரிடம் வாங்கியிருக்கிறேன். தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்கிற வியாபாரியை இப்போதுதான் பார்க்கிறேன். வேறு யாரோ அதிக விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், அப்படித்தானே? கவலைப்படாதீர்கள். நாளை மாலை எங்கள் தலைவரையே போனில் கேட்க வைக்கிறேன். நாளைக்கே முடித்துவிடலாம்."

மதார் சாகிப் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல கேல்கருக்கு ஆசை கூடியது. "நான் சொல்லியாச்சு ஜகந்நாதா. நீதான் சாட்சி" என்றார் மதார் சாகிப்.

"நான் சாட்சி. கேக்காதவன் காதுல நாம என்ன ஈயமா காய்ச்சி ஊத்த முடியும்?" என்றார் ஜகந்நாதன்.

மறுநாள் சாயங்காலம் கம்பியில் திருவிழாக் கூட்டம். பெரியவருக்கு மாற்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, டப்பா வைத்திருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். டப்பா இல்லாதவர்கள் டப்பா இருந்த வீட்டு ஜன்னலில் தொங்கினார்கள். மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ராஜபாளையத்துப் பேண்டேஜ் பட்டறையில் வேலை செய்யும் வெள்ளத்தாய், கூட வேலை செய்பவர்களை எல்லாம் டப்பாவைச் சுற்றி உட்காரவைத்துவிட்டாள். பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போனை வயரோடு இழுத்துக் கடைக்குள் கொண்டுவந்தார் கேல்கர். மறுமுனையில் பம்பாய்த் தலைவர்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியவருடைய சத்தம் காட்டும் முள் ஒரேயடியாக வலது ஓரம் போய் ஒட்டிக்கொண்டது. பாயசம் அடிப்பிடித்தது போல ஒரு வாசனை. பின்பக்கத்திலிருந்து நூல் நூலாகப் புகை.

"என்னங்க! அவிய வேகுதாவ!" என்று மெகராஜ் பேகம் விசிறியைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

மதார் சாகிப் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் எறங்குங்க! டப்பாவ அணைங்க! பெரியவரு தாங்கல!"

கம்பி அதிர்ந்துபோயிற்று. எல்லாருக்கும் பெரியவர் மேல் உயிர். உடனே அணைக்கத் தயார்தான். ஆனால் மரியாதை இருக்கிறதே!

"அப்ப நான் வாரேன் மாமா!" என்றது ஒரு குரல். "வாரேம்பா!" "வாரேன் சாகிப்பு, பாத்துக்கிடுங்க!" "ஏலே, நீயும் வாரேன்னு சொல்லுலே!" "வாரேன்!" "நாங்களும் வாரோம்!" நூற்றுக்கணக்கான வாரேன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. ஒவ்வொன்றுக்கும் பெரியவர் ஒரு குலுங்கு குலுங்கினார். புகை தடித்தது. பெட்டிமேல் யாரோ வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணம் தானாகவே நகர்ந்து நகர்ந்து போய்க் கீழே விழுந்தது.

டிக் டிக் டிக் டிக் என்று அமுக்கிய கேல்கருக்குக் கட்டைவிரல் வீங்கிச் சுரைக்காயாகிவிட்டது. இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சொல்லாமப் போங்க!" என்று மதார் சாகிப் அலறினார். "புண்ணியமாப் போவும், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாமப் போங்க!"

 வெள்ளத்தாய் குரல் வந்தது. நடுங்கிக்கொண்டு வந்தது.

"என்ன மாமா சொல்லுதிய? சொல்லாமப் போறதுக்கு இங்க என்ன எழவா விழுந்திருக்கு?"

மதார் சாகிப் தலையில் அடித்துக்கொண்டார். சாவு வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். அந்த வார்த்தையைப் பெரியவருக்கு முன்னாலேயே, மைக்கில், ஊர் கேட்கச் சொல்லிவிட்டாரே!

"அவியளுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் வெள்ளத்தாய். "நாங்க சொல்லிட்டுத்தான் போவோம். ஏட்டி, எல்லாரும் சத்தமாச் சொல்லுங்கட்டி! வாரோம் பெரியவரே!"

அவ்வளவுதான். முன்னே ஒரு தடவை சொல்லியிருந்தவர்களும் மறுபடி டப்பாவைப் போட்டு இன்னொரு தடவை சொன்னார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், நடுவில் இருந்த பனைமரம் எல்லாம் சேர்ந்து "வாரோம்!" என்று முழங்கின. மெகராஜ் பேகம் ஒரு பாத்திரம் தண்ணீரில் பேண்டேஜ் துணியை நனைத்து, காய்ச்சல்காரருக்குப் போடுவதுபோலப் பெரியவர் தலையில் போட்டாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. மதார் சாகிப் கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். ஜகந்நாதன் துளசி ஒன்றைக் கிள்ளிப் பெட்டிமேல் வைத்தார்.

போனில் பம்பாய்த் தலைவர் என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேல்கர் கண்ணில் நீர் வழிய, "வருகிறார்கள் சார்! எல்லாரும் வருகிறார்கள்! கட்டுக்கடங்காமல் வருகிறார்கள்!" என்று மூன்று பாஷையில் சொன்னார்.

குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த ஜகந்நாதன் தன் வீட்டு டப்பாவின் சார்பாக, "நானும் வாரேன் ஓய்" என்று மெதுவாகச் சொன்னார். முள் ஆடி ஆடி இடது பக்கம் வந்து படுத்தது. பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிழைத்துக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில் பேச்சுக் கம்பியில் ஒரு ஈ காக்கை சத்தம் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் பம்பாய்க்காரர் அதை வாங்கினார்.

புது ஆம்ப்ளிஃபயர் மதுரையிலிருந்து லாரியில் வந்தது. பீரோ உயரம். ராஜபாளையத்து மில் ஆட்கள் வந்துதான் இறக்கினார்கள். மெகராஜ் பேகம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குளுகுளுன்னு இருக்கு. இதுக்குள்ள நாலு பேரு படுத்துக்கிடலாம்" என்றாள். விசிறியை ஆணியில் மாட்டினாள்.

வாங்கியது எதை என்று பேச்சு வந்தபோது கேல்கர் பேண்டேஜ் சுற்றிய கம்பியை அண்ணாந்து பார்த்தார். "இந்தக் காயம்பட்ட கம்பி எங்களுக்கு வேண்டாம். பம்பாயில் நல்ல கம்பி இருக்கிறது. ஜனங்கள் வந்து சேர்ந்த பெட்டிதான் வேண்டும்."

"ஆளுக பெட்டிக்குள்ள இல்ல அய்யா, அவிய அவிய வீட்ல இருக்காவ" என்றார் மதார் சாகிப்.

"மறுபடியும் குறைத்துச் சொல்கிறீர்கள்!" என்று கேல்கர் அவர் முதுகில் தட்டினார்.

பெரியவரைப் பேண்டேஜ் துணியில் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் வைத்து, செங்கோட்டையிலிருந்து வரும் வண்டியில் ஏற்றினார்கள். மெகராஜ் பேகம் அழுதாள். வண்டி கிளம்பும் நேரம் கேல்கர் கதவில் நின்று கைகூப்பி, புத்தகத்தில் இருந்தபடி சுத்தமாகச் சொன்னார்:

"நல்லது. நான் போகிறேன்."

பிளாட்பாரம் பதறிப்போயிற்று. போர்ட்டர் தலைச்சுமையைக் கீழே வைத்துவிட்டார். "அய்யய்யோ, அப்படிச் சொல்லப்படாது!" என்று மெகராஜ் பேகம் முன்னால் ஓடினாள். "வாரேன்னு சொல்லுங்க!"

"ஆனால் அம்மா, நான் போகத்தானே செய்கிறேன்?"

"போங்க. வாரேன்னு சொல்லிட்டுப் போங்க!"

கேல்கர் குழம்பிப்போய், "சரி, வருகிறேன்" என்றார். பையில் கிடந்த கருவியில் விரல் பழக்கதோஷத்தில் ஒரு டிக் போட்டது. வண்டி நகர்ந்தது. அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். மதார் சாகிப்பைப் பார்த்தார். மறுபடி கட்டைவிரலைப் பார்த்தார். வாய் மெதுவாகத் திறந்தது. வண்டி வளைவில் திரும்புகிறவரை அது மூடவில்லை.

மதார் சாகிப்புக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. சைக்கிளை மிதித்துக் கடைக்கு வந்து, புதுப் பெட்டியில் பழைய கம்பியைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. உஸ் என்று ஒரு இரைச்சல். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"ஒருத்தரும் இல்லையா?" என்றார் மைக்கில்.

இரைச்சல்தான்.  சொல்லாமல் போங்கள் என்று எழவு வார்த்தை சொன்னோமே, ஊர் கோபித்துக்கொண்டதோ? பீரோ மாதிரிப் பெட்டி வந்து என்ன, பேச வாய் இல்லாவிட்டால்? பம்பாய்க்காரன் சொன்னதுபோல ஜனமெல்லாம் அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயேதான் இருந்ததோ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

அப்போது ஜகந்நாதன் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் வந்தது.

அடுத்தாற்போல் ராஜபாளையத்திலிருந்து ஒன்று. மில் பக்கமிருந்து மூன்று. பிறகு பேண்டேஜ் பட்டறையிலிருந்து மொத்தமாக ஒரு இருமல். கம்பி நெடுக இருமலாக வந்து விழுந்ததில், மேலே உட்கார்ந்திருந்த காக்கைகள் நமக்கேன் வம்பு என்று முன்கூட்டியே பறந்துவிட்டன.

"வந்துட்டியளா!" என்று மதார் சாகிப் கத்தினார்.

"வராம?" என்றாள் வெள்ளத்தாய். "வாரேன்னு சொல்லிட்டுத்தான போனோம்! புதுசு எப்படி மாமா, சூடு ஏறுதா?"

"ஐஸ்கட்டி மாதிரி இருக்கு தாயி!"

"அப்ப இன்னும் சத்தமாப் பேசலாம்னு சொல்லுங்க!"

சுந்தரபாண்டியம் மட்டும் பேசவில்லை. அன்றைக்கு மதார் சாகிப் கத்திய கத்தலுக்குப் பயந்து பொன்னுராஜ் ஒருவர்தான் வாரேன் சொல்லாமல் இருந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். "பொன்னுராஜு, நீ சொல்லாமப் போயிட்டியேப்பா" என்று மதார் சாகிப் தழுதழுத்தார்.

"நான் எங்க போனேன்?" என்றது பொன்னுராஜ் குரல். "சொல்லாமப் போகப்படாதுல்ல? அதான் டப்பாவ அணைக்கவே இல்ல. அன்னையிலேர்ந்து இங்கனயேதான் உக்காந்திருக்கேன். யாராச்சும் பேசுங்கப்பா, வாரேன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகணும்!"

அப்போது வந்த சிரிப்பில் புதுப் பெட்டியின் முள் பாதி வரைக்கும்தான் போயிற்று. மதார் சாகிப் அதைப் பார்த்துக்கொண்டே மெகராஜ் பேகத்திடம் சோறு போடச் சொன்னார்.

பம்பாயில் பெரியவரைக் கண்ணாடி அறையில் ஏ.சி. போட்டு வைத்திருந்தார்கள். ஒரு குரலும் வரவில்லை. எப்போதாவது ஒரு சம்பந்திச் சண்டையின் வால் மட்டும் கேட்கும். ஆனால் எண்ணிக்கை பிரமாதமாக இருந்ததால், அதைவிடப் பெரிய அமெரிக்கக் கம்பெனி ஒன்று அந்தக் கண்ணாடி அறையோடு மகாதரங்கை வாங்கிக்கொண்டது. அங்கேயும் கூட்டம் போட்டு, அந்த ஜனங்கள் எல்லாம் எங்கே என்று கேல்கரை நிறுத்திக் கேட்பார்கள். அவர் டையைச் சரிசெய்துகொண்டு, பொய்யே கலக்காமல் பதில் சொல்வார்:

"வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், சார்."